இன்றைக்கு மீன் இல்லை

திருகோணமலை
மே 6

என் செல்லத் தம்பி ஸஜ்ஜாத்துக்கு, ராத்தா பரீனாவின் ஸலாம்.

இங்கே எல்லாரும் சுகம், உன் மச்சானுடைய வலது முழங்காலைத் தவிர. அது தனியாக ஒரு ஆள் மாதிரி வீட்டுக்குள் இருந்து முனகிக்கொண்டிருக்கிறது. கொழும்பில் உனக்கு வயிறு சரியா? சோறு சாப்பிடுகிறாயா, இல்லாவிட்டால் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு அதுதான் சாப்பாடு என்கிறாயா?

தகரப் பேணியில் நெத்தலிச் சம்பல் வைத்திருக்கிறேன். பஸ் கொண்டக்டர் வழியில் ருசி பார்க்காமல் இருக்க இரண்டு சுற்றுக் கயிறு போட்டிருக்கிறேன். உம்மா இருந்த காலத்தில் சொல்வது உனக்கு ஞாபகம்தானே. அடுத்தவர் வீட்டுப் பேணியை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது, ஒரு பிடி சீனியாவது போட்டுக் கொடுக்க வேண்டும் என்பா. உன்னிடம் நான் சீனி கேட்கவில்லை. கடுதாசி போடு. ஃபோனில் கதைத்தால் நீ "ம், ம்" என்கிறாய். பேணிக்குள் "ம்" போட ஏலாது.

போன முறை எழுதியிருந்தாய், உன் புதுக் கம்பெனி வண்ணக்குடை என்னுடைய பக்கத்தைச் சேர்த்துக்கொள்ள விரும்புகிறது என்று. உன் மச்சானிடம் சொன்னேன். "மீனோடயா, இல்லாட்டி எழுத்தை மட்டுமா?" என்று கேட்டார் நம் வீட்டுத் தாஹிர் முதலாளி.

எனக்கும் விளங்கவில்லையடா. நான் செய்கிறது என்ன? சுபஹ் தொழுதுவிட்டு உன் மச்சான் துறைக்குப் போவார். தோணிகள் வந்ததும் ஃபோன் எடுத்து, இன்ன மீன் வந்திருக்கு என்பார். நான் குசினியில் நின்றபடி, நீ ஃபோனில் திறந்து தந்த 'இன்றைக்கு என்ன மீன்' பக்கத்தில் அதை எழுதுவேன். எப்படி ஆக்குவது என்று இரண்டு வரி. நேற்றுச் சொன்னபடி ஆக்காதவளுகளுக்கு இரண்டு ஏச்சு. கடல் கொந்தளித்த நாளில், 'இன்றைக்கு மீன் இல்லை, பருப்பைப் போடுங்கடி' என்று எழுதிவிட்டு நான் போய்ப் படுத்துவிடுவேன். அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு வந்தவளுடைய இந்தக் கதைக்குக் கம்பெனி எதற்கு?

ஒன்றை மட்டும் எழுது. நான் சேர்ந்தால் உன் வேலைக்கு நல்லதா?

பேணி பார்த்திருக்கும்,
ராத்தா


கொழும்பு
மே 15

அன்புள்ள ராத்தாவுக்கு, வஅலைக்குமுஸ்ஸலாம்.

நான் சுகம், வயிறும் சுகம். சம்பல் இரண்டு நாள் நிற்கவில்லை. என்னோடு அறையில் இருக்கும் ஸுஹைர் கரண்டியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் நித்திரை கொள்கிறான். மச்சானின் முழங்காலுக்கு என் ஸலாத்தைச் சொல்லுங்கள்.

விளக்கமாகச் சொல்கிறேன். வீட்டிலிருந்து தன்பாட்டில் எழுதுகிறவர்கள் நாடு முழுக்க இருக்கிறார்கள். அவர்களை ஒரே இடத்தில் சேர்த்து, விளம்பரம் பிடித்து, எழுதுகிறவர்களுக்கு மாதாமாதம் ஏதோ கொடுப்பதுதான் வண்ணக்குடையின் வேலை. கிழக்கு மாகாணத்தில் ஆள் சேர்ப்பது என் பொறுப்பு. கிண்ணியாவில் தயிர் பற்றி எழுதும் லைலா, சம்பூரில் ஆடு வளர்ப்பு எழுதும் கதிரவேல் அண்ணன், மூன்றாவது நீங்கள்.

எனக்கு ஆறு மாதத் தவணை. நான் கொண்டுவந்தவர்கள் நிலைத்து நின்றால் என் வேலை நிரந்தரமாகும். நிரந்தரமானால் பஹ்மியா வீட்டில் போய்ப் பெண் கேட்கலாம் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்.

அதற்காக உங்களை வற்புறுத்தவில்லை. விருப்பம் இருந்தால் மட்டும்.

பேணியில் மஸ்கட் இனிப்பு இருக்கிறது. மச்சான் ஒரே நாளில் முடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தம்பி,
ஸஜ்ஜாத்


திருகோணமலை
மே 27

கலியாணக் கனவு காணும் என் தம்பிக்கு ஸலாம்.

நாங்கள் சுகம். முழங்கால் மஸ்கட் சாப்பிட்டபின் கொஞ்சம் சாந்தம்.

சேர்ந்துவிட்டேன்! ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்க முன்னம் மூன்று தரம் பழைய கடுதாசியில் எழுதிப் பழகினேன். லைலாவும் சேர்ந்துவிட்டாள். கதிரவேல் அண்ணன் ஃபோனில், "தங்கச்சி, குடைக்குள்ள ஆடும் வரலாமோ?" என்று கேட்டார். ஓம், குட்டி என்றால் தூக்கிக்கொண்டு வாருங்கள் என்றேன்.

விருப்பமா என்று கேட்டாயே, விருப்பம்தானடா. கொழும்புக் கம்பெனியிலிருந்து ஒரு பிள்ளை ஃபோனில் என்னை "மேடம்" என்று கூப்பிட்டது. திரும்பிப் பார்த்தேன், பின்னால் ஒருவரும் இல்லை, நான்தான்.

போன கிழமை கிண்ணியாவில் பஹ்மியாவின் உம்மாவைக் கண்டேன். உன் பேச்சை நான் எடுக்கவில்லை. அந்த மனிசிதான் என் கையைப் பிடித்து, "உன்ட பக்கத்தப் பாக்காம நான் மீன் வாங்கப் போறல்ல புள்ள" என்றா. விளங்குகிறதா? உன் மாமியார் ஏற்கெனவே என் கைக்குள். உன் வேலையை மட்டும் நீ நிரந்தரமாக்கு, மற்றதை நான் பார்க்கிறேன்.

பேணியில் சூரைமீன் பொரியல். ஸுஹைருக்கும் கொடு, கரண்டியைப் பறித்துவிட்டுக் கொடு.

மேடம் பரீனா


கொழும்பு
ஜூலை 3

அன்புள்ள ராத்தாவுக்கு,

அல்லாஹ்வின் கிருபையால் நான் நலம். வெயிலில் மச்சானைத் துறையில் கனநேரம் நிற்க விடாதீர்கள்.

பக்கத்தில் சில சின்ன மாற்றங்கள் செய்யச் சொல்லி ஆசிரியர் பகுதியில் கேட்கிறார்கள். ஒன்று, பதிவுகளை ஒரு கிழமைக்குச் சேர்த்து ஞாயிற்றுக்கிழமையே எழுதி அனுப்ப வேண்டும். அவை ஒவ்வொரு நாளும் காலையில் தானாக வெளிவரும். எல்லா எழுத்தாளர்களுக்கும் இதே முறைதான். இரண்டு, 'அடியேய் புள்ளைகளா' என்பதற்குப் பதிலாக 'அன்பு வாசகர்களே' என்று தொடங்கலாமாம். மூன்று, 'இன்றைக்கு மீன் இல்லை' என்ற பதிவு இனி வேண்டாம். தேங்காய்ப்பால் மா விளம்பரம் கொடுப்பவர்கள், மீன் இல்லாத நாளில் எதற்குள் பால் ஊற்றுவது என்று கேட்கிறார்களாம்.

உங்களுக்குக் கஷ்டம் என்றால் எழுதுங்கள். நான் கதைத்துப் பார்க்கிறேன்.

அலுவலகம் நல்ல குளிர். எல்லாரும் நன்றாகப் பழகுகிறார்கள். வேலை பிடித்திருக்கிறது.

தம்பி,
ஸஜ்ஜாத்


திருகோணமலை
ஜூலை 14

அன்பு வாசகர் ஸஜ்ஜாத் அவர்களுக்கு,

பார்த்தாயா, பழகிவிட்டேன். உடம்புக்கு எப்படி? குளிரில் இருந்து தடிமன் பிடிக்காமல் பார்த்துக்கொள். இங்கே கச்சான் காற்று வீட்டுக்குள் மண்ணைக் கொண்டுவந்து கொட்டுகிறது. கூட்டிக் கூட்டி நான் மெலிந்துவிட்டேன் என்று எழுத ஆசை, ஆனால் பொய்.

எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை, எல்லாம் சோக்காக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பகல் சாப்பாட்டுக்குப் பிறகு இருந்து, திங்கள் சூரை, செவ்வாய் கணவாய், புதன் பாரை என்று கடலுக்குக் கட்டளை போடுகிறேன். உன் மச்சான் பார்த்துவிட்டு, "அல்லாஹ் குடுக்க முந்தி நீ பங்கு வைக்கிறியா?" என்றார். அஸ்தக்ஃபிருல்லாஹ் சொல்லிவிட்டுத்தான் எழுதுகிறேன். இப்போது கடல் அமைதி, ஏதாவது ஒரு மீன் வரத்தானே செய்யும்.

யாரோ அங்கே என் எழுத்தை வெட்டுகிறார் போல. 'வாயில் வைத்தால் வழுக்கிக்கொண்டு போகும், புருசனுக்கு வைக்க மறந்துபோவீர்கள்' என்று எழுதினேன். அது 'மிகவும் சுவையானது' என்று வந்திருக்கிறது. ஆனாலும் ஏச்சில் ஒன்றிரண்டை விட்டு வைத்திருக்கிறார். முள்ளோடு கொஞ்சம் சதையும் கிடக்கட்டும் என்று வெட்டுகிற கை. அந்த ஆளுக்கு என் ஸலாம் சொல்.

ஒரு செய்தி. கதிரவேல் அண்ணன் குடையை விட்டுப் போய்விட்டார். அவருடைய ஆட்டுக்குப் பதிலாக, பனி மலையில் மணி கட்டிக்கொண்டு நிற்கிற வெள்ளைக்கார நாட்டு ஆட்டின் படத்தைப் போட்டார்களாம். சம்பூர்ச் சனம் அவரைக் கண்டால் "அண்ணை, மணி எங்க?" என்கிறதாம். அவர் போனதால் உனக்குப் பிரச்சினை ஒன்றும் இல்லையே? நான் போக மாட்டேன். கவலைப்படாதே.

ராத்தா


திருகோணமலை
ஆகஸ்ட் 20

தம்பி ஸஜ்ஜாத்துக்கு, கோபமான ஸலாம்.

பேணி வந்தது. உள்ளே ஒரு பிஸ்கட் பக்கெட் மட்டும். கடுதாசி எங்கே? பக்கெட்டை உடைத்துப் பார்த்தேன், ஒவ்வொரு பிஸ்கட்டாகத் திருப்பியும் பார்த்தேன். கம்பெனிப் பெயரைத் தவிர ஒரு எழுத்தும் இல்லை.

உனக்குச் சுகமில்லையா? சுகமில்லை என்றால் சொல், வருகிறேன். சுகமாக இருந்துகொண்டுதான் எழுதவில்லை என்றாலும் சொல், அதற்கும் வருகிறேன், வீடு கூட்டுகிற தும்புத்தடியோடு.

முழங்கால் உன்னைக் கேட்டது.

ராத்தா


கொழும்பு
செப்டம்பர் 8

அன்புள்ள ராத்தாவுக்கு,

மன்னித்துக்கொள்ளுங்கள். சுகமாக இருக்கிறேன். வேலை கொஞ்சம் கூடிவிட்டது. ஆள் சேர்ப்பதோடு, வருகிற பதிவுகளைத் திருத்துவதும் இப்போது என் மேசையில்தான். கதிரவேல் அண்ணன் போனதால் தவணையை டிசம்பர் வரை நீட்டியிருக்கிறார்கள். பெரிய விசயம் இல்லை.

நீங்கள் சந்தோசமாக எழுதுகிறீர்கள் என்பது எனக்குப் போதும்.

வெட்டுகிற ஆளுக்கு உங்கள் ஸலாத்தைச் சொன்னேன். அவரும் பதில் ஸலாம் சொல்லச் சொன்னார்.

தும்புத்தடி வேண்டாம். கருவாடு அனுப்புங்கள்.

ஸஜ்ஜாத்


திருகோணமலை
நவம்பர் 12

என் தம்பிக்கு,

நாங்கள் உயிரோடு இருக்கிறோம். அதைத்தான் முதலில் எழுத வேண்டும், ஏனென்றால் நேற்று நான் வெட்கத்தால் செத்திருக்க வேண்டியது.

வாடைக் காற்று தொடங்கிவிட்டது தெரியும்தானே. முந்தாநாள் பின்னேரம் எழும்பிய காற்று விடியும்வரை நிற்கவில்லை. ஒரு தோணியும் போகவில்லை. உன் மச்சான் சுபஹுக்குப் போய்விட்டு வந்து மறுபடி படுத்துவிட்டார். நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். அப்போது ஃபோன். துறையிலிருந்து ஒரு தோணிக்காரர். "தாஹிர்ட பொஞ்சாதிய வரச் சொல்லுங்க, இஞ்ச கலியாண வீடு மாதிரி சனம் நிக்குது!"

ஞாயிற்றுக்கிழமை எழுதி அனுப்பிய பதிவு காலையில் தானாக வெளிவந்துவிட்டது. 'அன்பு வாசகர்களே, இன்று நம் துறையில் பாரை மீன் குவிந்து கிடக்கிறது!' நான் எழுதியதுதான். எழுதும்போது உன் மச்சானுடைய முழங்கால்கூட காற்று வருமென்று முனகவில்லை.

ஓடிப்போனேன். குச்சவெளி பஸ்ஸில் வந்தவர்கள், கிண்ணியா பஸ்ஸில் வந்தவர்கள், எல்லார் கையிலும் பை. தோணியெல்லாம் கரையில் இழுத்துப்போட்டுக் கிடக்கிறது. மழை வேறு. என்னைக் கண்டதும் ஒருத்தி, "வந்துட்டா பாரை!" என்று கத்தினாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறென்ன செய்வது?

"ராத்தா, கடலுக்குள்ள இறங்கிக் கூப்பிட்டுப் பாருங்க, உங்கட சொல்லு கேக்கும்."

"ஏன்டி, உனக்கென்ன, பருப்பு ஆக்கத் தெரியாதா?" என்றேன் நான்.

"பருப்பு எண்டு நீங்க எழுதேல்லையே."

முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டேன்.

கூட்டத்துக்குப் பின்னால் குடையைப் பிடித்துக்கொண்டு பஹ்மியாவின் உம்மா நின்றா. மற்றவர்கள் எல்லாம் போனபின் கிட்ட வந்தா.

"மாமி, மன்னிச்சுக்கங்க. காத்து இப்படி அடிக்குமெண்டு..."

"காத்துக்கு என்ன புள்ள, அது அடிக்கும்." மடித்த பையை மறுபடி மடித்தா. "இல்லாத மீன இரிக்கி எண்டு நீ எழுதமாட்டாய் எண்டு நினச்சன்."

ஏசவில்லை. ஏசியிருந்தால் நானும் திருப்பி ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்திருப்பேன். பையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டா.

சரி, விடு. நனைந்ததற்கு யாருக்கும் காய்ச்சல் இல்லை. நான் குடைக்குள்தான் இருக்கிறேன், டிசம்பர் வரை அசைய மாட்டேன். உன் வேலை நிரந்தரமாகட்டும். மாமியை மெல்ல மெல்லச் சரிப்பண்ணலாம்.

இந்த முறை பேணியில் மீன் இல்லை. பருப்பு வடை.

ராத்தா


திருகோணமலை
நவம்பர் 18

தம்பி ஸஜ்ஜாத்துக்கு ஸலாம். உடம்பைப் பார்த்துக்கொள், இதை இருந்துகொண்டு வாசி.

போன கடுதாசியில் அசைய மாட்டேன் என்று எழுதினேன். அசைந்துவிட்டேன். உன்னிடம் கேட்காமல் செய்தது பிழைதான். கேட்டிருந்தால் நீ "உங்கள் விருப்பம்" என்று எழுதுவாய், நான் உன் முகத்தை நினைத்து மறுபடி ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்திருப்பேன்.

கொழும்புப் பிள்ளைக்கு நானே ஃபோன் எடுத்தேன். நல்ல பிள்ளை. "ஏன் மேடம் விலகுறீங்க? உங்களுக்கு நிறைய வாசகர்கள் இருக்கிறாங்களே" என்று கேட்டது.

"மகள், வாற கிழமைக்கான மீனைக் கடல் முன்கூட்டியே எழுதித் தருமெண்டா சொல்லுங்க, நான் திரும்பி வாறன்" என்றேன். சிரித்தது. பிறகு, பக்கத்தின் பெயர் அவர்களிடம்தான் இருக்கும் என்று மெல்லச் சொன்னது. சரி, இருக்கட்டும்.

லைலா நிற்கிறாள். அவளுக்கு அங்கே சந்தோசம். தயிருக்கு எல்லா நாளும் ஒன்றுதானே, எத்தனை கிழமைக்கு வேண்டுமானாலும் எழுதலாம்.

நான் போனால் உன் வேலை என்ன ஆகும் என்று தெரியாமல் இல்லை. மே மாதத்திலிருந்து அதுதான் என் தொண்டையில் முள். ஆனால் தம்பி, மழைக்குள் பையோடு நின்ற சனத்தை நீ பார்த்திருந்தால்...

பேணி உன்னிடம் இருக்கிறது. அதனால் இதை ஒரு கடித உறைக்குள் போட்டு அனுப்புகிறேன், வெறுமையாக. உம்மா மன்னிக்கட்டும். ஏசி ஒரு கடுதாசி போடு.

ராத்தா


கொழும்பு
நவம்பர் 18

அன்புள்ள ராத்தாவுக்கு,

நலமாக இருக்கிறேன். வடையைத் தின்றுகொண்டே உங்கள் கடிதத்தை வாசித்தோம். மீன்துறைக் கூட்டத்தை நினைத்து ஸுஹைர் விழுந்து விழுந்து சிரித்தான். மாமி சொன்ன இடம் வந்ததும் நான் கடிதத்தை மடித்துவிட்டேன்.

ராத்தா, வேலையை விட்டுவிட்டேன்.

கோபப்படாதீர்கள். 'புருசனுக்கு வைக்க மறந்துபோவீர்கள்' என்பதை வெட்டியவன் நான்தான் என்று உங்களுக்கு அப்போதே தெரியும் என்பதும் எனக்குத் தெரியும். வேறு ஒருவர் வெட்டினால் எல்லாவற்றையும் வெட்டிவிடுவார், நான் இருந்தால் இரண்டு ஏச்சாவது மிஞ்சும் என்றுதான் அந்த மேசையில் இருந்தேன். நீங்கள் சோக்காக இருக்கிறது என்று எழுதினீர்கள். சரி, ராத்தாவுக்கு "மேடம்" பிடித்திருக்கிறது, நாம் ஏன் குழப்ப வேண்டும் என்று இருந்துவிட்டேன்.

அந்தப் பாரை மீன் பதிவை வெளியிட ஏற்றிவைத்தவனும் நான்தான். காற்று எழும்புகிறது என்று செய்தியில் பார்த்தேன். நிறுத்தலாமா என்று கேட்டேன். விளம்பரம் போகும், விடு என்றார்கள். விட்டுவிட்டேன்.

இனி நான் அங்கே இல்லை. ஆகவே எனக்காக நீங்கள் இருக்க வேண்டியதில்லை. விருப்பம் இருந்தால் மட்டும் இருங்கள். பஹ்மியா வீட்டில் இப்போது ஒன்றும் கேட்க வேண்டாம்.

பேணிக்குள் இந்தக் கடிதத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. கடைக்குப் போக மனம் வரவில்லை.

ஸஜ்ஜாத்


திருகோணமலை
நவம்பர் 27

வேலை இல்லாத என் தங்கத் தம்பிக்கு, வேலை இல்லாத ராத்தாவின் நிறைந்த ஸலாம்.

உன் கடுதாசியும் என் கடுதாசியும் ஹபரணைப் பக்கம் எங்கேயோ ஒன்றையொன்று கடந்து போயிருக்கின்றன. இரண்டு பஸ்ஸும் ஹோர்ன் அடித்திருந்தாலாவது நமக்குப் புத்தி வந்திருக்கும். நான் உனக்காக அங்கே இருந்தேன், நீ எனக்காக இருந்தாய். மச்சானிடம் சொன்னேன். "அப்ப அந்தக் கம்பெனிக்காக ஆரு இருந்தது?" என்று கேட்டார். லைலா, என்றேன்.

இப்போது கேள். புதுப் பக்கம் திறந்துவிட்டேன். நீ இல்லாமல் நானே திறந்தேன், ஒரு முழுப் பகல் போனது. பழைய பெயர் அவர்களிடம் என்றபடியால் இதற்கு 'இன்றைக்கு மீன் இல்லை' என்று பெயர் வைத்தேன். அது அவர்கள் வேண்டாமென்ற பெயர்தானே, ஒருவரும் சண்டைக்கு வரமாட்டார்கள். முதல் நாள் பார்த்துக் கடல் அமைதியாகி, அறக்குளா மீன் வந்து குவிந்துவிட்டது. 'பெயரைப் பார்த்து ஏமாறாதீங்கடி, அறக்குளா வந்திருக்கு, ஓடி வாங்க' என்று எழுதினேன். வந்தார்கள். கதிரவேல் அண்ணன் சம்பூரிலிருந்து வந்து, மீனைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் நம்பினார்.

பிறகு நான் கிண்ணியாவுக்குப் போனேன். நீ கேட்க வேண்டாம் என்றாய்தான். நான் கேட்கப் போகவில்லை, சொல்லப் போனேன்.

மாமி கதிரை போட்டுத் தேத்தண்ணி தந்தா. பேச்சை நான்தான் தொடங்கினேன்.

"மாமி, என்ட தம்பிக்கு வேலை இல்ல. போன கிழமை விட்டுட்டான். வேற ஆரும் சொல்ல முந்தி நானே சொல்லுவமெண்டு வந்தனான்."

"ஏன் விட்டாரு?"

"இல்லாத மீன இருக்கு எண்டு போட ஏலாமத்தான்."

மாமி என் கோப்பைக்கு இன்னும் கொஞ்சம் தேத்தண்ணி ஊற்றினா. உள்ளே பஹ்மியா கோப்பை கழுவுகிற சத்தம் நின்றுவிட்டது. அந்தப் பிள்ளைக்கும் காது இருக்கிறது.

"வேலை வரும்," என்றா மாமி. "ஆனா புள்ள, நான் அண்டைக்கு நனஞ்சத மறக்கல்ல. கலியாணத்துக்கு எல்லாரும் மாட்டிறைச்சி போடுவாங்க. எனக்குப் பாரைதான் வேணும். நீதான் கொண்டு வரணும்."

"எத்தினையாம் திகதிக்கு மாமி?"

"அத நீ முதல்லயே எழுதிப் போட்டுராத!"

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் தேத்தண்ணி என் முந்தானையில் கொட்டிவிட்டது. கறை போகவில்லை. போகத் தேவையில்லை.

துறைமுகத்து வீதியில் ஃபோட்டோக்கொப்பி எடுக்கிற கொமினிக்கேசன் கடைக்காரர் ஃபோனும் கணினியும் தெரிந்த ஒரு ஆள் தேடுகிறார். என்னுடைய வாசகர்தான். உன்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன், பாதி உண்மை, பாதி ராத்தா. வந்து பார், பிடிக்காவிட்டால் விடு, விடத்தான் உனக்குத் தெரியுமே.

இன்றைக்குப் பேணியில் அறக்குளாப் பொரியல் முட்ட முட்ட வைத்திருக்கிறேன். ஸுஹைருக்குக் கொடுத்து, அவனிடம் பயணம் சொல்லிவிட்டு, பேணியைக் கழுவிக் காயவை. இனி அதை பஸ்ஸில் தனியாக அனுப்பாதே. நீயே மடியில் வைத்துக்கொண்டு வா. வெறும் பேணி என்றாலும் பரவாயில்லை. உம்மா கேட்டால் நான் சொல்லிக்கொள்கிறேன், நிறைந்துதான் வந்தது என்று.

முழங்கால் பஸ் ஸ்டாண்டுக்கு வருமாம்.

உன்னைப் பார்த்திருக்கும்,
பரீனா ராத்தா